கால்நடைக் கண் மருத்துவ ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை வாசிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

1983-ல் 'ஜர்னல் ஆஃப் ஹெரெடிட்டி' என்ற மரபியல் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. அபிசீனியப் பூனைகளில் விழித்திரை பரம்பரையாகத் தேய்ந்துபோகும் நோய் பற்றியது. எழுதியவர் ஒருவரே: சுவீடனைச் சேர்ந்த கால்நடைக் கண் மருத்துவர் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம். அதே இதழில் 2007-ல் இன்னொரு கட்டுரை. அதே பூனைகள், அதே நோய், ஆனால் இந்த முறை நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையே கையில் கிடைத்திருந்தது. பலர் சேர்ந்து எழுதியது. வரிசையின் கடைசியில் நார்ஃப்ஸ்ட்ரோம். இடையில் 24 ஆண்டுகள்.

ஒரு பூனை இனத்தின் கண்ணை ஒருவர் கால் நூற்றாண்டு விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார் என்பதை எந்த ஹெச்-இண்டெக்ஸும் (கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் வைத்துப் போடும் எண்) சொல்லாது. மொத்தக் கட்டுரை எண்ணிக்கையும் சொல்லாது. பட்டியலை உட்கார்ந்து வாசித்தால்தான் தெரியும். அதை எப்படி வாசிப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. எம்.வி.எஸ்சி., பிஎச்.டி.க்கு கைடு தேடும் மாணவர்களையும், ஒரு சிகிச்சை முறையை நம்பலாமா என்று பார்க்க வரும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு நார்ஃப்ஸ்ட்ரோமின் பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். விலங்குக் கண்ணில் தொடங்கி மனிதக் கண்வரை போன ஒரு கதை அதில் இருக்கிறது.

தொடங்கும் முன்: ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்

"இவர் பெரிய ஆளா?" என்ற கேள்வியோடு பட்டியலைத் திறந்தால் பதில் கிடைக்காது. "இவரிடம் சேர்ந்தால் ஈ.ஆர்.ஜி. என்ற விழித்திரை மின் பதிவைக் கற்றுக்கொள்ள முடியுமா?", "நாய்களின் விழித்திரை நோயில் இவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?" என்பது போன்ற கேள்வியாக இருக்கட்டும். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீளமானால் கவனம் சிதறும். அப்போது அந்தத் தாள்தான் உங்களைத் திரும்ப இழுத்துவரும்.

படி 1: ஆள் அவர்தானா?

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் கட்டுரை ஆசிரியர்களின் முழுப்பெயர் 2002-க்குப் பிறகு வந்த பதிவுகளில்தான் இருக்கும். அதற்கு முந்தியவற்றில் குடும்பப் பெயரும் முதலெழுத்தும் மட்டுமே. 1980-களில் எழுதத் தொடங்கிய ஒருவரைத் தேடும்போது இது பெரிய சிக்கல்.

நார்ஃப்ஸ்ட்ரோம் அரிய பெயர், அதனால் தப்பித்தோம். அந்தப் பெயரிலுள்ள ஓ எழுத்தின் மேல் இரண்டு புள்ளிகள் உண்டு. புள்ளியோடு ஒரு முறை, புள்ளியில்லாமல் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள். ஆனால் இதே துறையின் இன்னொரு பெரிய பெயரான அகிர்ரேவைத் தேடினால் வேறு மாதிரி. கஸ்டாவோ டி. அகிர்ரே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடைக் கண் ஆய்வாளர். ஜெஃப்ரி கே. அகிர்ரே அதே பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர். பார்வை பற்றியே ஆராய்பவர். ஆங்கிலத்தில் இருவருக்கும் முதலெழுத்து ஒன்றுதான். 2007-ல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் வந்த ஒரு கட்டுரையில் இருவர் பெயருமே இருக்கிறது: விழித்திரை நோயால் சிறுவயதிலேயே பார்வை இழந்த நாய்களிலும் மனிதர்களிலும் மூளையின் பார்வைப் பகுதி இன்னும் வேலை செய்கிறது என்று காட்டிய கட்டுரை அது. நடு எழுத்தைப் பார்க்காமல் எண்ணினால் இரண்டு பேரின் உழைப்பு ஒருவர் கணக்கில் போய்விடும்.

தமிழர்களுக்கு இது இன்னும் நெருக்கமான பிரச்சினை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்து அப்பாவின் பெயர். ஒரு இதழ் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று நம் பெயரையே எடுத்துக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டு பேராகப் பிரிந்துகிடப்பார். நம்மூர் ஆய்வாளரைத் தேடும்போது இரண்டு வரிசையிலும் தேடுங்கள். நீங்கள் எழுதத் தொடங்குபவராக இருந்தால் முதல் பேப்பருக்கு முன்பே ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி அடையாள எண்) வாங்கி, ஒரே வடிவில் பெயரைப் போட்டு வாருங்கள். 2012 முதல் இலவசமாகத் தருகிறார்கள். அந்த எண் இருந்தால் பெயர்க் குழப்பம் பெருமளவு தீரும்.

படி 2: பட்டியலைத் திரட்டி, இரட்டிப்பைக் களையுங்கள்

பப்மெட், கூகுள் ஸ்காலர், பல்கலைக்கழகப் பக்கம் என மூன்றிலும் எடுங்கள். மூன்றும் ஒரே எண்ணிக்கையைக் காட்டாது. காட்டவும் கூடாது, ஏனென்றால் மூன்றும் சேர்ப்பது வெவ்வேறு பொருள்கள். பப்மெட்டில் பெரும்பாலும் இதழ்க் கட்டுரைகள். ஸ்காலரில் ஆய்வேடு, புத்தக அத்தியாயம், மாநாட்டுச் சுருக்கம் எல்லாம் உண்டு.

கண் துறைக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஆர்வோ என்ற கண் ஆராய்ச்சிச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் மாநாட்டின் சுருக்கங்கள் அந்தச் சங்கத்தின் சொந்த இதழான ஐ.ஓ.வி.எஸ்.-ல் வெளியாகும். ஸ்காலரில் பார்த்தால் முழுக் கட்டுரை போலவே தெரியும். திறந்தால் அரைப் பக்கம். அதே வேலை அடுத்த ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு கழித்து முழுக் கட்டுரையாக, கொஞ்சம் மாறிய தலைப்பில் வந்திருக்கும். இப்படி ஒரே வேலையை நான் இரண்டாக எண்ணியது உண்டு. அதிலிருந்து, பக்க எண் ஒன்றே ஒன்றாக இருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் கணக்கில் சேர்ப்பதில்லை. சுருக்கத்தைத் தூக்கி எறிய வேண்டாம்; தனியாக ஒதுக்கி வையுங்கள். முழுக் கட்டுரையாக வராத சுருக்கமும் ஒரு செய்தி சொல்லும்.

மிச்சமிருப்பதை வகை பிரியுங்கள்: ஆராய்ச்சிக் கட்டுரை, ஒற்றை நோயாளி அறிக்கை, தொடர் நோயாளி அறிக்கை, தொகுப்புரை, வழிகாட்டு நெறிமுறை. ஒற்றை நோயாளி அறிக்கையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். அரிய இனங்களின் கண் நோய்கள் பல அந்த வழியாகத்தான் முதலில் தெரியவந்தன. ஆனால் "ஒரு குதிரைக்கு இது பலித்தது" என்பது சிகிச்சைக்கான ஆதாரம் ஆகாது.

படி 3: பழையதிலிருந்து புதியதற்கு வாருங்கள்

எல்லாத் தளமும் புதியதை மேலே காட்டும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். அடியிலிருந்து வாசித்தால் ஒருவர் எந்தக் கேள்வியைப் பிடித்தார், எப்போது விட்டார், எப்போது திரும்ப வந்தார் என்பது கண்ணில் படும்.

ஓர் எக்செல் தாளில் ஆண்டு, விலங்கு, கேள்வி, முறை, விலங்குகளின் எண்ணிக்கை, வரிசையில் இடம் என்று பத்தி போடுங்கள். பிறகு விலங்கை வைத்து வரிசைப்படுத்துங்கள். நார்ஃப்ஸ்ட்ரோமின் பட்டியலில் இரண்டு இழைகள் உடனே எழும்பும்: அபிசீனியப் பூனை, பிரியார்ட் நாய்.

பூனை இழை: 1983-ல் பரம்பரை முறை. 1985-ல் நோயின் வெளி அடையாளங்களும் விழித்திரையின் மின் பதிவும். 1986-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விழித்திரை. 2007-ல் செப்290 என்ற மரபணுவில் பிழை. வெளியிலிருந்து உள்ளே, படிப்படியாக.

நாய் இழை இன்னும் சுவையானது. 1989-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜி'யில் நார்ஃப்ஸ்ட்ரோம், ரிக்ஸ்டாட், நில்சன் மூவரும் பிரியார்ட் நாயை அறிமுகம் செய்தார்கள். தலைப்பிலேயே நோயின் பெயர் இருந்தது: பிறவியிலேயே வரும், நிலையான மாலைக்கண். 'நிலையான' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு மோசமாகாது என்று பொருள். 1994-ல் அதே மூவர் 'டாக்குமென்டா ஆப்தால்மலாஜிகா'வில் எழுதினார்கள். தலைப்பில் இப்போது 'மெதுவாக முற்றிவரும் மாற்றங்கள்' என்று இருந்தது. 'நிலையான' போய்விட்டது; நோய்க்குப் 'பரம்பரை விழித்திரைச் சிதைவு' என்று பெயர் மாறியிருந்தது. அவர்கள் வைத்த பெயரை அவர்களே ஐந்து ஆண்டில் மாற்றியிருக்கிறார்கள்!

ஓர் ஆய்வாளரின் பட்டியலில் நான் முதலில் தேடுவது இதைத்தான். தான் சொன்னதைத் தானே திருத்தியிருக்கிறாரா? திருத்தினால் அது வெளிச்சமாக, தலைப்பிலேயே இருக்கிறதா? இளம் நாய்களைப் பார்த்தபோது நிலையாகத் தெரிந்த நோய், நீண்டநாள் பார்த்ததும் மெல்ல முற்றுவது தெரிந்தது. அதை மறைக்காமல் எழுதினார்கள். இப்படிப்பட்டவரின் மற்றக் கட்டுரைகளையும் நான் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடு திறப்பேன்.

இதில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. அதே நாய்களின் அதே நோய்க்கு 1998-ல் அகிர்ரே குழு பழைய 'மாலைக்கண்' பெயரையே தலைப்பில் வைத்தது. 1999-ல் வந்த இன்னொரு கட்டுரை 'விழித்திரைச் சிதைவு' என்றது. 2003-ல் 'ஆர்.பி.ஈ.65 இல்லாத நாய்' என்று மரபணுவின் பெயரே அடையாளம் ஆகிவிட்டது. ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கதையின் பெரும்பகுதி கையை விட்டுப் போகும். நோயின் பெயரால் தேடாதீர்கள். இனத்தின் பெயரால் தேடுங்கள். பிரியார்ட் என்றும் பிரியார்டாகத்தான் இருந்தது.

படி 4: பெயர் எங்கே நிற்கிறது?

பொதுவிதி எல்லோருக்கும் தெரியும்: முதலில் நிற்பவர் வேலையைக் கையால் செய்தவர், கடைசியில் நிற்பவர் குழுவை நடத்தியவர். காலப்போக்கில் ஒருவர் முன்னிருந்து பின்னுக்கு நகர்வது இயல்பான வளர்ச்சி. நாய்களுக்கு ஈ.ஆர்.ஜி. எடுப்பதற்கான நெறிமுறை 2002-ல் வந்தபோது நார்ஃப்ஸ்ட்ரோம் முதல் பெயர். அதன் புதுப்பித்த வடிவம் 2013-ல் அச்சானபோது எகெஸ்டன் முதல் பெயர், நார்ஃப்ஸ்ட்ரோம் கடைசிப் பெயர். பொறுப்பு அடுத்தவர் கைக்குப் போனது இந்த இரண்டு வரியிலேயே தெரிகிறது. கைடு தேடும் மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: இவருடைய மாணவர்களும் இளையவர்களும் முதல் பெயராக வந்திருக்கிறார்களா, அல்லது எல்லாவற்றிலும் இவரே முன்னால் நிற்கிறாரா?

ஆனால் விதி எப்போதும் பொருந்தாது. 2001-ல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் பார்வையிழந்த பிரியார்ட் வழி நாய்களுக்கு மரபணு சிகிச்சையால் பார்வை திரும்பியதை அறிவித்த கட்டுரையில் முதல் பெயர் ஆக்லண்ட், கடைசிப் பெயர் ஜீன் பென்னட். அகிர்ரே இரண்டாவது. முதலும் கடைசியும் மட்டும் வடிகட்டினால் அகிர்ரேவின் மிக முக்கியமான வேலையில் ஒன்று வடிகட்டியில் தங்கிவிடும்.

கூடவே கோ-ஆத்தர்களையும் பாருங்கள். பிரியார்ட் நாயின் மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதை 1998-ல் 'மாலிக்குலர் விஷன்' இதழில் அகிர்ரே குழு எழுதியது. 1999-ல் 'ஜீனோமிக்ஸ்' இதழில் வெஸ்கே முதல் பெயராக இன்னொரு குழு அதே நான்கு எழுத்து இழப்பை எழுதியது. இரண்டு குழுக்கள், ஒரே முடிவு. இரண்டு பட்டியலிலும் இருக்கும் பெயர் நார்ஃப்ஸ்ட்ரோம். அந்த நாய்களை முதலில் கண்டறிந்தவர் இரு பக்கமும் இருந்திருக்கிறார்.

படி 5: எத்தனை விலங்கு, எத்தனை கண்?

இந்தத் துறையில் எண்ணிக்கை சிறியதாகவே இருக்கும். அந்த 2001 கட்டுரை மூன்று நாய்களைப் பற்றியது. மூன்றே நாய் என்று ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சை இல்லாமல் பார்வை தானாகத் திரும்பாத நோய் அது. ஒரு கண்ணில் சிகிச்சை, மறு கண் ஒப்பீட்டுக்கு என்ற அமைப்பு இங்கே பலமாகிறது.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரு கட்டுரை 40 கண்கள் என்று சொன்னால், அது 40 நாயா, 20 நாயா? ஒரே நாயின் இரண்டு கண்களும் ஒரே உடம்பு, ஒரே மரபணு, ஒரே உணவு. அவற்றைத் தனித்தனி ஆளாக எண்ணிக் கணக்குப் போட்டால் முடிவு உள்ளதைவிடப் பலமாகத் தெரியும். முறைப் பகுதியில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். பட்டியலில் மூன்று கட்டுரைகளை எடுத்து இதை மட்டும் பாருங்கள். அவருடைய கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

இங்கே ஈ.ஆர்.ஜி. பற்றிக் கொஞ்சம். கண் உள்ளே விழும் ஒளிக்கு விழித்திரை தரும் மின் பதிலைப் பதிவு செய்யும் சோதனை இது. நாயை மயக்கத்தில் கிடத்தி, கருவிழி மேல் லென்ஸ் போன்ற மின்முனையைப் பொருத்தி, அறையை இருட்டாக்கிக் காத்திருப்பார்கள். நெறிமுறைப்படி இருட்டில் 20 நிமிடம். பிறகு மங்கலான ஒளித்துளி, அதன்பின் பிரகாசமான ஒளித்துளி. பிரகாசமான ஒளிக்குத் திரையில் கோடு முதலில் கீழே இறங்கும். அது ஒளியுணர் செல்களின் பதில், ஏ-அலை. பின் மேலே ஏறும். அது அடுத்த அடுக்கின் பதில், பி-அலை. நோயுள்ள இளம் பிரியார்டின் கண்ணுக்குள் கருவியால் எட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். திரையில் மட்டும் கோடு ஏறக்குறைய தட்டையாக ஓடும். எனவே விழித்திரை பற்றி எழுதுபவரின் கட்டுரைகளில் இருட்டில் எவ்வளவு நேரம், என்ன மயக்க மருந்து, ஒளியின் அளவு என்ன என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அவருடைய எண்களை இன்னொருவருடையதோடு ஒப்பிட முடியாது.

படி 6: சைட்டேஷனை எடை போடுவது

நெறிமுறைக் கட்டுரைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். முறைப் பகுதியில் ஒரு வரி வேண்டுமே. தொகுப்புரைக்கும் அப்படியே. அதனால் ஒருவரின் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அவருடைய சிறந்த கண்டுபிடிப்பாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இன்னொன்று, கால்நடைக் கண் மருத்துவம் சிறிய வட்டம். அதற்கென்றே உள்ள 'வெட்டரினரி ஆப்தால்மாலஜி' இதழ் தொடங்கியதே 1998-ல். மனிதக் கண் ஆய்வாளரின் எண்களோடு இவர்களை ஒப்பிடுவது நியாயமில்லை.

எண்ணைவிட, யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதே பயன்படும். பட்டியலிலிருந்து மூன்று கட்டுரைகளை எடுத்து அவற்றின் 'மேற்கோள் காட்டியவை' பகுதியைத் திறங்கள். கால்நடை இதழ்கள் மட்டுமா, மரபியலும் மனிதக் கண் மருத்துவமும் உண்டா?

நம் நாட்டில் கால்நடை, வேளாண் துறைகளில் இதழுக்கு நாஸ் மதிப்பெண் (தேசிய வேளாண் அறிவியல் அகாடமி இதழ்களுக்குத் தரும் மதிப்பெண்) பார்ப்பது வழக்கம். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அது தேவைப்படுவதால் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மதிப்பெண் இதழுக்கு உரியது, கட்டுரைக்கு உரியதல்ல.

படி 7: திருத்தமும் பணமும்

சிறிய படி, விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முக்கியக் கட்டுரையின் பப்மெட் பக்கத்திலும் பிழைதிருத்தமோ திரும்பப் பெற்ற அறிவிப்போ இருக்கிறதா பாருங்கள். பிழைதிருத்தம் இருப்பது குற்றமல்ல. கட்டுரையின் கடைசியில் பணம் யார் கொடுத்தது, ஆசிரியர்களுக்கு அந்த மருந்திலோ மரபணுச் சோதனையிலோ பங்கு உண்டா என்று சொல்லியிருப்பார்கள். பழைய கட்டுரைகளில் இந்த அறிவிப்பு இருக்காது. அப்போது அப்படி வழக்கம் இல்லை.

படி 8: பட்டியலில் இல்லாததையும் தேடுங்கள்

பிரியார்ட் இழையின் மிகப் பெரிய நிகழ்வு நார்ஃப்ஸ்ட்ரோமின் பட்டியலில் இல்லை. 2001 கட்டுரையில் அவர் பெயர் கிடையாது. நாய்களில் தன் சொந்த மரபணு சிகிச்சை முடிவை அவர் வேறொரு குழுவோடு 2003-ல் ஐ.ஓ.வி.எஸ்.-ல் எழுதினார். ஆக்லண்ட் குழுவின் வேலையை இன்னொரு கை உறுதி செய்ததாக அதைப் படிக்கலாம். ஒரு துறைக்கு அதைவிட வேண்டிய உதவி கிடையாது.

அதன் பிறகு நடந்தது மனிதர்களிடம். இதே ஆர்.பி.ஈ.65 மரபணுவில் பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்கும் பார்வைக் குறைபாடு வருகிறது என்பது 1997-லேயே தெரிந்திருந்தது. 2008-ல் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் இரு குழுக்கள் மரபணு சிகிச்சை பெற்ற தலா மூன்று நோயாளிகளின் முடிவை வெளியிட்டன. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கான லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை மருந்துக்கு அனுமதி தந்தது. 1989-ன் அந்தச் சிறிய அறிமுகக் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்.

எனவே எக்செல் தாளில் கடைசியாக ஒரு பத்தி சேருங்கள்: 'வெளியே என்ன மாறியது?' பல வரிகளுக்கு எதிரே காலியாகவே இருக்கும், இருக்கட்டும். என் தாளில் 1989 வரிக்கு எதிரே அந்த மருந்தின் பெயர் இருக்கிறது. பூனை இழையின் கடைசி வரி 2010: செப்290 பிழை அபிசீனியப் பூனைகளோடு நிற்கவில்லை, சோதித்த 43 இனங்களில் 16-ல் இருக்கிறது, சயாமியப் பூனைகளில் அதிகம் என்று காட்டிய கட்டுரை. அதற்கு எதிரே நான் எழுதியிருப்பது: 'சயாமியப் பூனை வளர்ப்பவர் இணை சேர்க்கும் முன்பே சோதித்துக்கொள்ளலாம்.'